லண்டன்காரருக்குப் போட்ட தணல்

என் கணவரின் தமையன் லண்டனிலிருந்து வந்தபோது மற்றவர்களைப் போல றேடியோவோ கம்பளித் துணியோ கொண்டுவரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு ஓவர்கோட்டும், முழங்கால் வரை இழுத்துவிடும் காலுறைகள் சிலவும், எந்த நேரமும் குளிர்கிறது என்ற புலம்பலும்தான் கொண்டுவந்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் முரசுமோட்டையில், குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த ஓட்டு வீட்டில் இருந்தோம். இரண்டு அறை, நடுவில் ஒரு விறாந்தை, தள்ளி, சமைக்க ஒரு குசினி. மூத்தவள் நடக்கத் தொடங்கி ஓடவும் பழகிவிட்டாள். இளையவன் கைக்குழந்தை.

லண்டன்காரர் சட்டம் படிக்கப் போனவர். தமையன் படிக்க வேண்டும் என்பதற்காகத் தம்பி பள்ளிக்கூடத்தை விட்டார். தம்பிதான் என் கணவர். ஊரில் இருந்த தோட்டக் காணி தமையனின் கப்பல் காசுக்கு விலைபோய்விட, இவர் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கமக்காரன் ஆனார். இதையெல்லாம் என் கணவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. நான்தான் சொல்வேன். அண்ணை பரிஸ்டராக வருவார், அப்போது எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நம்பியிருந்தார். அண்ணை கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே இருந்தார். நான் கலியாணம் முடித்து வந்தபோதும் கடைசிப் பரீட்சை. மூத்தவள் பிறந்தபோதும் கடைசிப் பரீட்சை. பிறகு ஒருநாள் அந்தக் கடைசிப் பரீட்சையை மிச்சம் வைத்துவிட்டு ஊருக்கு வந்து இறங்கினார்.

யாழ்ப்பாணத்தில் அவரை வைத்திருக்க அவரைப் பெற்ற மாமிக்கு வசதிப்படவில்லை. கோயிலடியில், சந்தையில், கண்ட கண்ட இடத்தில் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "மகன் என்ன பாஸ் பண்ணினவர்?" மாமி பதில் சொல்லிக் களைத்துப்போய், மகனுக்கு ஓய்வு வேண்டும், நல்ல காற்று வேண்டும் என்று சொல்லி, கார்த்திகை மழை தொடங்கிய கையோடு எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டா. பரந்தன் சந்தியிலிருந்து வெள்ளம் அடித்த றோட்டில் மாட்டு வண்டியில் வந்தார்கள். லண்டன்காரர் ஓவர்கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு, எங்கள் முற்றத்துச் சேற்றில் ஒரு காலை வைத்து, மற்றக் காலை வைக்க இடம் தேடினார். அந்த நிமிடமே எனக்கு மனுசனைப் பிடிக்கவில்லை. பிறகு பிடிப்பதற்கு அவர் ஒரு காரணமும் தரவில்லை.

அன்று பின்னேரம் மழை விட்டு வாடைக்காற்று வீசியது. விறாந்தையில் கதிரை போட்டு இருந்தவர் கைகளைத் தேய்த்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இந்த வீட்டிலை சூடாக்கிறதுக்கு ஒரு ஏற்பாடும் இல்லையோ?"

"குசினியிலை அடுப்பு எரியுது."

"அது சமைக்கிற நெருப்பெல்லே. நான் கேக்கிறது மனிசர் குளிர்காயிற நெருப்பு. லண்டனிலை ஒவ்வொரு அறைக்கும் காஸ் நெருப்பு இருக்கும். குழாயாலை காஸ் வரும். தீக்குச்சியைக் காட்டினால் போதும். புகை இல்லை, சாம்பல் இல்லை, ஊதத் தேவையில்லை."

மாமி என்னைப் பார்த்தா. "என்ரை பிள்ளைக்குக் குளிருது. ஒரு சட்டியிலை தணல் போட்டுக்கொண்டு வாவன்."

அப்படித்தான் அது தொடங்கியது. பழைய மண்சட்டி ஒன்றில் தணல் அள்ளி அவருடைய கதிரைக்கு முன்னால் வைத்தேன். அவர் காலுறை போட்ட பாதங்களை நீட்டிக்கொண்டு, சாய்ந்து, ஏதோ சிம்மாசனத்தில் இருப்பவர் மாதிரிக் கண்ணை மூடினார். அடுத்த நாளிலிருந்து பின்னேரம் ஒரு சட்டி, பொழுதுபட்ட பிறகு அறைக்குள் ஒரு சட்டி என்றாயிற்று. மாதம் மார்கழிக்கு வந்தபோது காலையிலும் ஒரு சட்டி சேர்ந்தது. பல் விளக்கத் தண்ணீர் சுட வேண்டும், முகச்சவரத்துக்குச் சுட வேண்டும், குளிக்க அண்டாவில் காய வேண்டும்.

விறகு என்ன காற்றிலா வருகிறது? வன்னியில் அந்தக் காலத்தில் விறகுக்குப் பஞ்சமில்லை என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் வெட்டாதவர்கள். மழைக்கு முதல், வயல் விதைத்துவிட்டு மூச்சு விடுகிற அந்தக் கொஞ்ச நாளில், நானும் கணவரும் காட்டுக்கரைக்குப் போய்ப் பாலை மரமும் வீரை மரமும் வெட்டி, வண்டியில் ஏற்றி, கொத்தி, குசினிக்குப் பின்னால் கூரை இறக்கிய பத்திக்குள் அடுக்குவோம். அந்த வருடம் நான் வயிற்றில் இளையவனை வைத்துக்கொண்டு அடுக்கினேன். அந்த அடுக்குத் தைப்பொங்கல் தாண்டும் வரைக்கும் வர வேண்டும். மழைக்காலத்தில் காட்டுக்குள் இறங்க முடியாது. இறங்கினாலும் கிடைப்பது ஈர விறகு. ஈர விறகை ஊதி ஊதி எரித்தவளுக்குத்தான் காய்ந்த விறகின் விலை தெரியும்.

லண்டன்காரர் வந்து சில கிழமைக்குள் அடுக்கு என் இடுப்புக்கு இறங்கிவிட்டது. அதைவிட எனக்கு வயிறு எரிந்தது பிள்ளையின் துணிகளை நினைத்துத்தான். அடைமழையில் கைக்குழந்தையின் துணி காயாது. தணலுக்கு மேல் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் விரித்துத்தான் காயவைப்பேன். இப்போது தணல் முழுவதும் அவருடைய காலடிக்குப் போனது. பிள்ளை ஈரத் துணியில் கிடந்து சிணுங்கியது. ஒருநாள் பொறுக்க முடியாமல் சட்டியின் பக்கத்தில் கூடையைக் கொண்டுபோய் வைத்தேன்.

"உந்த மணம் எனக்கு ஒத்துவராது, பிள்ளை," என்றார். மாமி எழுந்து கூடையை எடுத்துக் குசினி வாசலில் வைத்தா.

நான் கணவரிடம் கேட்டேன். "இஞ்சாருங்கோ, இது எங்கை போய் முடியப்போகுது?"

"அண்ணை கனகாலம் குளிர் தேசத்திலை இருந்தவர். உடம்பு பழகிப்போச்சு."

"குளிருக்குப் பழகின உடம்புக்கு எங்கடை குளிர் என்ன செய்யும்? அவர் பழகினது நெருப்புக்கு."

அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரம்பு பார்க்கப் போய்விட்டார். வாக்குவாதம் வந்தால் அவருக்கு வயலில் எப்போதும் ஒரு வரம்பு உடைந்திருக்கும்.

பின்னேரங்களில் அக்கம்பக்கத்துக் கமக்காரர்கள் லண்டன் கதை கேட்க வந்தார்கள். வயல் சேறு காய்ந்த காலோடு விறாந்தை ஓரத்தில் குந்தியிருந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அவர் லண்டனில் நீதிமன்றம் பார்த்தாரா, மகாராணியைப் பார்த்தாரா என்று கேட்டால் கதை இரண்டு வசனத்தில் முடிந்துவிடும். காஸ் நெருப்பைப் பற்றிக் கேட்டால் முடியாது. அறையின் மூலையில் ஒரு மீற்றர் இருக்குமாம். அதில் ஒரு சில்லிங் நாணயக் குத்தியைப் போட்டு முறுக்கினால் காஸ் வருமாம். போட்ட காசு முடிந்தால் நெருப்பு 'பொக்' என்று அணைந்துவிடுமாம். குளிர்காலத்தில் லண்டனில் ஒரு வீட்டைச் சூடாக வைத்திருக்க ஆகும் செலவில் இங்கே ஒரு குடும்பம் இருந்து சாப்பிடலாமாம்.

"அப்ப நீங்கள் அவ்வளவு செலவழிச்சனீங்களோ?" என்று ஒருவர் கேட்டார்.

"பின்னை? மனிசன் மனிசனாய் இருக்கிறதெண்டால் செலவுதான்," என்றார், என் விறகில் கால் காய்ந்துகொண்டு.

அவர்கள் தலையாட்டினார்கள். கையால் ஒரு சுள்ளி பொறுக்காத மனிதனை, லண்டன் என்ற ஒரு சொல்லுக்காகத் தலையில் தூக்கி வைத்தார்கள். அவர்மேல் எனக்கிருந்த இளக்காரத்தில் பாதியை அவர்கள்மேலும் வைத்தேன். தேத்தண்ணியில் சீனியைக் குறைத்தேன்.

மார்கழி நடுவில் என் தங்கை வந்தாள். எனக்குக் கைக்குழந்தை, உதவிக்கு ஆள் வேண்டும் என்று மாமியே என் தகப்பன், ஐயாவுக்குச் சொல்லியனுப்பியிருந்தா. மாமிக்கு என்மேல் இவ்வளவு பரிவு எப்படி வந்தது என்று நான் வியந்தேன். தங்கை வந்து இறங்கிய அன்றே காரணம் தெரிந்துவிட்டது. மாமி அவளுக்கு விறாந்தையில், லண்டன்காரருக்கு எதிரே, கதிரை போட்டா.

"ஒரே வீட்டிலை அக்காவும் தங்கச்சியும் வாழ்க்கைப்பட்டால் நல்லதுதானே," என்று குசினிக்குள் வந்து என் காதுக்குள் சொன்னா. "உங்கடை ஐயா அவளுக்கெண்டு அந்தக் கல்வீடும் கிணத்தடிக் காணியும் வச்சிருக்கிறார்தானே."

எனக்கு விளங்கியது. வேறு பெண் வீட்டார் என்றால் என்ன பாஸ் பண்ணினவர் என்று கேட்பார்கள். சம்பந்தி வீட்டுக்காரர் கேட்கக் கூச்சப்படுவார்கள். வீடும் காணியும் கேள்வி இல்லாமல் வந்து சேரும்.

தங்கை அதிகம் கதைக்காதவள். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பாள், கேட்டதை மறக்கமாட்டாள். சில நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, லண்டன்காரர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். அவருக்கு அது பெரிய உற்சாகம். சட்டியில் தணல் கூடக் கேட்டார். குரலும் கொஞ்சம் பெருத்தது.

ஒருநாள் பின்னேரம் நல்ல மழை. அயலார் ஒருவரும் வரவில்லை. கணவர் விறாந்தைக் கப்புத் தூணோடு சாய்ந்து மண்வெட்டிப் பிடிக்கு ஆப்பு இறுக்கிக்கொண்டிருந்தார். மாமி பாக்கு வெட்டிக்கொண்டிருந்தா. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். லண்டன்காரர் தன் அறையைத் தங்கைக்கு வர்ணித்தார்.

"காஸ் நெருப்புக்கு முன்னாலை ரெண்டு கதிரை. ஒண்டு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். வெளியிலை பனி கொட்டும். உள்ளுக்கு நான் வெறும் ஷேர்ட்டோடை இருந்து படிப்பன்."

"மற்றக் கதிரை ஆருக்கு?" என்று கேட்டாள் தங்கை.

"ஆரும் சிநேகிதர் வந்தால்."

"படிச்சுக்கொண்டிருக்கேக்கை காசு முடிஞ்சு நெருப்பு நூந்துபோனால்?"

"நூராது. காலமை வேலைக்குப் போக முந்தி அது தேத்தண்ணிச் சோசரிலை சில்லிங் குத்தி எடுத்து வச்சிட்டுத்தான் போகும். நான் நேரத்துக்கு நேரம் எடுத்து மீற்றருக்குப் போடுறதுதான்."

மழைச் சத்தத்துக்குள்ளும் அந்தச் சொல் எனக்குக் கேட்டது. நான் சுளகை நிறுத்தினேன்.

"அது எண்டு ஆரைச் சொல்லுறியள்?" என்றாள் தங்கை.

அவர் பாதத்தைத் தணலுக்குக் கிட்டத் தள்ளினார். பிறகு சிரித்தார். ஒளிக்க வேண்டிய விசயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது.

"அங்கை ஒரு வெள்ளைக்காரப் பெட்டை. ஒரு சலவைக் கடையிலை வேலை. துணைக்கு இருந்தது."

"உங்களோடை ஒரே அறையிலையோ?"

"அறை அதின்ரைதான்," என்றார். பிறகு தாயைப் பார்த்துக்கொண்டு, "எழுத்து மட்டும்தான் நடந்தது. தாலி கட்டேல்லை," என்றார்.

அரசாங்கக் கந்தோரில் கையெழுத்து வைத்துக் கலியாணம் முடித்திருக்கிறார் மனுசன். மாமியின் பாக்குவெட்டி நிற்கவே இல்லை. அவவுக்கு முதலே தெரியும்.

தங்கையின் குரல் மாறவில்லை. கடையில் சாமானின் விலை கேட்பவள் போலக் கேட்டாள். "வெளிக்கிடேக்கை அவவுக்கு என்ன சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?"

"சொல்லேல்லை. சொன்னால் அழும். அது வேலைக்குப் போனாப்பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன்." இதற்குமேல் அவர் நிறுத்தியிருக்கலாம். தன் கெட்டித்தனத்தைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. "கப்பலடிக்குப் போக றெயில் காசு கொஞ்சம் குறைஞ்சு போச்சு. நல்ல காலம், சோசரிலை அந்தக் கிழமைக்கு வச்ச சில்லிங் முழுக்கக் கிடந்தது."

"பனி கொட்டின காலமோ?"

"ஓம், நல்ல பனி."

தங்கை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து குசினிக்குள் வந்தாள். நானும் பின்னால் போனேன். அடுப்படியில் நின்று, "அக்கா, நான் நாளைக்கு வீட்டை போறன்," என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. எனக்கு மற்றவளின் நினைவுதான் வந்தது. யாரென்று தெரியாத ஒரு பெண், நாள் முழுக்கப் பிறத்தியாருடைய அழுக்குத் துணி தோய்த்துவிட்டு, ஈரக் கையோடு வந்து அறையைத் திறந்தபோது அங்கே நெருப்பும் இல்லை, நெருப்புக்கு வைத்த காசும் இல்லை, மனுசனும் இல்லை. அதைச் செய்தவர் இப்போது என் வீட்டு விறாந்தையில் என் பிள்ளையின் தணலில் கால் காய்கிறார்.

மாமி வந்து வாசலில் நின்றா. "சின்ன விசயத்தைப் பெரிசாக்காதையுங்கோ. அங்கத்தைய எழுத்து இஞ்சை செல்லுமே?"

"அப்ப அவளை என்ன செய்யிறது மாமி?"

"அவள் வெள்ளைக்காரி. அவையளுக்கு உதெல்லாம் ஒரு விசயமே? ஆம்பிளை தனிய இருந்தால் ஒரு துணை தேடுவான்தானே."

"துணை எண்டு சொல்லாதையுங்கோ. விறகு எண்டு சொல்லுங்கோ," என்றேன். மாமியோடு நான் அதற்கு முதல் அப்படிக் கதைத்ததில்லை. அவ வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டு திரும்பிப் போனா.

மறுநாள் காலை கணவர் வண்டி கட்டித் தங்கையைப் பரந்தன் ஸ்டேசனுக்குக் கூட்டிப் போனார். நான் அன்று தணல் போடவில்லை. பின்னேரம் லண்டன்காரர் விறாந்தையில் வந்து இருந்து, வெறும் தரையைப் பார்த்து, தாயைப் பார்த்தார். மாமி மகனைக் கூப்பிட்டா. என் கணவரை.

"உன்ரை பெண்சாதிக்குச் சொல்லு. அண்ணைக்குத் தணல் போடட்டாம்."

கணவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "விறகு இல்லை, அம்மா," என்றார்.

அவருக்குப் பின்னால் பத்திக்குள் தொடையளவு விறகு எல்லாருடைய கண்ணுக்கும் தெரிய அடுக்கிக் கிடந்தது. என் கணவர் தன் தாய்க்குச் சொன்ன பொய் எனக்குத் தெரிய அது ஒன்றுதான். அந்த மனுசனை அதற்காக நான் பல காரியங்களுக்கு மன்னித்திருக்கிறேன்.

தமையனைப் போகச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. நெல் அரிவு வெட்டு முடியட்டும் என்றார். ஆகவே லண்டன்காரர் இருந்தார். இரண்டு நாள் அறைக்குள் ஓவர்கோட்டோடு கிடந்தார். மூன்றாம் நாள் குசினி வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, கொஞ்ச நெருப்பு."

"அடுக்கின விறகு சமையலுக்கு. பின்னாலை காட்டுக் கட்டை கிடக்கு, கொத்தினால் எரியும். கோடாலி கதவடியிலை."

போனார். ஓவர்கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் கோடாலியைத் தூக்கினார். கட்டையில் படாமல் மண்ணில் ஒரு போடு, கட்டையின் பட்டையில் ஒரு போடு. அதற்குப் பிறகு உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மூத்தவள் அவருக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கையை எட்டிப் பார்த்தாள். அவர் கோடாலியைக் கட்டையில் சாத்திவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

அதன் பிறகு அவருக்குப் போக்கிடம் என் குசினி ஒன்றுதான். நான் சமைக்கும் நேரம் பார்த்து வந்து, சுவர் ஓரம் ஒரு பலகையைப் போட்டு, முழங்காலை மடித்துக்கொண்டு அடுப்பின் வெக்கையில் குந்தியிருப்பார். புகை வந்தால் கண் கலங்கும், இருமுவார், எழும்பமாட்டார். கூடை தணலின் மேல் கவிழ்ந்திருக்கும், பிள்ளையின் துணிகள் அதன்மேல் காயும். மணம் ஒத்துவராத மூக்கு எங்கே போனதோ தெரியாது. நான் அவரைத் தாண்டிப் போவேன், வருவேன். ஒரு வார்த்தை கதைக்கமாட்டேன். அயலார் இரண்டு தடவை வந்து, லண்டன்காரர் அடுப்படியில் இருக்கிறார் என்று தெரிந்ததும் பிறகு வரவில்லை. அவர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனது குசினிக்குள் இருந்ததற்காக. உண்மையான காரணத்தை நான் சொல்லியிருந்தால் பாதிப் பேர் சிரித்திருப்பார்கள்.

தைப்பொங்கலுக்குப் புது நெல் அரிசிச் சோறு சாப்பிட்டுவிட்டு, வெயில் சுடத் தொடங்கியதும் தாயும் மகனும் யாழ்ப்பாணம் போனார்கள். வண்டியில் ஏறும்போது மாமி, "உன்ரை தங்கச்சிக்கு இப்பிடி ஒரு மாப்பிளை இனிக் கிடைக்கமாட்டான்," என்றா.

"கிடைக்காமல் இருக்கட்டும், மாமி," என்றேன்.

என் தங்கை அடுத்த வருடம் துணுக்காயில் வயல் செய்கிற ஒருவரைக் கலியாணம் முடித்தாள். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோபக்காரர், கொஞ்சம் காது மந்தம். மாரி காலத்தில் தானே எழும்பி அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைப்பார் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

சில வருடத்தில் லண்டன்காரருக்கும் கலியாணம் நடந்தது. யாழ்ப்பாணத்தில் நல்ல இடம், வீடு வளவோடு ஒரே மகள். நான் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். ஐயா அந்தப் பெண் வீட்டாருக்கு ஆள்வைத்து விசயத்தைச் சொல்லியனுப்பினார். தெரியும் என்று பதில் வந்ததாம். லண்டனில் இருந்தவர் என்றால் அப்படி இப்படி இருக்கும்தானே என்றார்களாம். அந்த மணப்பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்று நான் விசாரித்தேன். ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு அவர் வீட்டோடு ஒரு ரியூட்டறி வைத்து இங்கிலீசு படிப்பித்தார், லண்டன் மாஸ்டர் என்று பெயரும் எடுத்தார்.

கலியாணத்துக்கு நான் போகவில்லை. கணவர் போனார். தம்பி போகாவிட்டால் ஊர் கதைக்கும் என்றார். போய், பந்தியில் இருந்து சாப்பிட்டு, அடுத்த நாள் றெயிலில் திரும்பி வந்தார். கையில் ஒரு பார்சல் பலகாரம். பெண் வீட்டில் கரண்ட் விசிறி இருக்கிறது, மாப்பிள்ளைக்கு வியர்க்கிறது என்று பக்கத்தில் வைத்திருந்தார்கள் என்று சொன்னார். நான் பார்சலை அவிழ்த்து மேசையில் வைத்தேன், நான் தின்னவில்லை. பிள்ளைகள் தின்றார்கள். நல்லாயிருக்கு என்றார்கள்.